மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் நோயாளர் பெற்ற இடம்

மருந்தின் கூறுகளை நான்காக வகுத்த வள்ளுவர், அவற்றுள் நோயுற்றவனையே முதற்கண் வைத்து எண்ணினார். மேனாட்டு மருத்துவ ஆராய்ச்சியோ நெடுங்காலம் நோயுற்றவரை ஆராயப்படும் பொருளாக மாத்திரமே கருதிற்று. எதனை ஆராய்வது, எவ்வாறு ஆராய்வது என்னும் வினாக்களில் அவர்க்குப் பங்கிருக்கவில்லை. இந்நிலை மாறிய வரலாற்றை அமெரிக்க ஐக்கிய நாட்டின் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

பால்ரிமோர் நகரிற் பணிபுரிந்த வில்லியம் ஹால்ஸ்ரெட் 1894ஆம் ஆண்டில் தம் சத்திரசிகிச்சையின் பயன்களை வெளியிட்டார். மார்பகத்தையும் அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது அவர் முறை. எழுபது எண்பது ஆண்டுகள் அதுவே பெருவழக்காயிருந்தது. கட்டியைச் சோதிப்பதற்கென மயக்கமருந்து பெற்ற பெண், அது புற்றெனக் காணப்படின், மார்பகத்தை இழந்தே கண்விழிப்பாள். இடையில் அவள் கருத்து வினவப்படுவதில்லை.

1974இல் இந்நோய்க்கு ஆளான பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர் இதற்கு உடன்பட மறுத்தார். சோதனை வேறு, சிகிச்சை வேறு. இரண்டிற்குமிடையே சிந்திக்க அவகாசம் வேண்டும் என்பது அவர் வாதம். மருத்துவ ஏடுகளைத் தாமே கற்று 1975இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1979இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய குழுவில், மருத்துவரல்லாத அவரும் அமர்ந்தார். ஹால்ஸ்ரெட் முறையை இனிப் பொதுவிதியாகக் கொள்ளவேண்டியதில்லை எனவும், சோதனையும் சிகிச்சையும் வெவ்வேறாக நிகழ்தல் வேண்டும் எனவும் அக்குழு முடிவுசெய்தது. குஷ்னர் 1990இல் அந்நோயினாலேயே காலமானார்.

மார்பகத்திலே தோன்றிய புற்று என்பு, ஈரல், நுரையீரல் முதலியவற்றிற் பரவியபின் அதனை முற்றாக மாற்றுதல் அரிது. அந்நிலையை அடைந்தோர்க்கு ஆராய்ச்சியின் தாமதம் உயிரோடு தொடர்புடையது. ஜெனன்ரெக் நிறுவனம் ஹெர்செப்ரின் என்னும் புதுமருந்தைப் பரிசோதித்த காலத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டது. அம்மருந்தை வேண்டியும் பெறாத பெண் வைத்தியர் ஒருவர் 1994இல் இறந்தார். அவருடைய தோழியர் மோட்டார் வண்டிகளில் அணிவகுத்து நிறுவன வளாகத்துட் சென்று கண்டனந் தெரிவித்தனர். மறு ஆண்டில், பரிசோதனைக்கு வெளியேயும் சிலருக்குச் சீட்டுக் குலுக்கி மருந்து வழங்க நிறுவனம் இசைந்தது.

பரிசோதனையின் அமைப்பும் மாறியது. வழக்கமான சிகிச்சையுடன் ஒரு சாராருக்குப் போலிமருந்து ஏற்றுவதென்பது முதல் ஏற்பாடு. அதிற் சேரப் பெண்கள் தயங்கினர். போலிமருந்து நீக்கப்பட்டபின் சேர்வோர் தொகை பெருகிற்று. புற்றுப் பரவிய 469 பெண்கள் பங்குபற்றினர். வழக்கமான சிகிச்சை மாத்திரம் பெற்றோரின் இடைநிலை வாழ்காலம் 20.3 மாதம், புதுமருந்தும் பெற்றோர்க்கு அது 25.1 மாதம். 1998இல் மருந்துக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது.

எனினும், நோயாளரின் வேட்கை மாத்திரம் உண்மைக்கு வழிகாட்டிவிடாது. மிகுந்த அளவு மருந்தைச் செலுத்தி, அதனாற் சிதையும் என்பு மச்சையை மீள நிரப்பும் சிகிச்சையைப் பலர் 1990களில் உரிமையெனக் கோரினர். சிகிச்சை வெளியே எளிதிற் கிடைத்தமையால் ஒப்பீட்டாய்வுக்கு ஆட்சேர்த்தல் கடினமாயிற்று. 1999இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளுள் நான்கு, அச்சிகிச்சையால் மேலதிக நன்மை இல்லையெனக் காட்டின. நன்மை உண்டென்ற தென்னாபிரிக்க ஆய்வு பொய்யானதென 2000இல் வெளியாயிற்று. இதற்கிடையிற் பலர் பயனற்ற பெருந்துன்பத்தை அனுபவித்தனர்.

மருந்தைக் கேட்பது ஒன்று. அம்மருந்து பயன்தருமா எனக் கேட்பது மற்றொன்று. 1991இற் றோன்றிய தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டணி இரண்டாவதனையே வற்புறுத்தியது. அதன் முயற்சியால் 1992இல் அமெரிக்கக் காங்கிரசு 21 கோடி டொலரை இவ்வாராய்ச்சிக்கு ஒதுக்கியது. 1995 முதல், அந்நிதியை வேண்டும் ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் நோயுற்றோரும் விஞ்ஞானிகளோடு சமமான வாக்குரிமை பெற்று அமர்ந்தனர். அதே ஆண்டிற் கூட்டணி அவர்க்கு விஞ்ஞானப் பயிற்சி வகுப்புக்களையும் தொடங்கியது. 2015இல் ஆரம்பமான ஒரு திட்டத்தில், புற்றுப் பரவிய நோயாளர் தம் உமிழ்நீரையும் மருத்துவக் குறிப்புக்களையும் தாமே ஆராய்ச்சியாளர்க்கு வழங்கலாயினர்.

நோயின் இயல்பை வைத்தியர் அறிவர். அதனோடு வாழ்தலின் இயல்பை நோயுற்றவரே அறிவர். எத்தனை மாதம் வாழலாம் என்பதோடு, அம்மாதங்களை எவ்வாறு வாழலாம் என்பதும் ஆராய்ச்சிக்குரிய வினாவேயாம். அதனை எழுப்பும் உரிமையும், விடையைச் சோதித்தறியும் பொறுப்பும் நோயுற்றோர்க்கு ஒருங்கே உரியன என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.