மறதிநோயர் உறைவிடப் பராமரிப்பு

டிமென்ஷியாவால் நினைவும் மொழியும் முடிவெடுக்கும் திறனும் தேய்ந்துவருவோரைத் தங்கவைத்து, இரவுபகலாகக் கவனிக்கும் ஏற்பாடு மறதிநோயர் உறைவிடப் பராமரிப்பு. அல்சைமர் நோயும் மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பும் இந்நிலைக்கு முதன்மைக் காரணங்கள். மலேசியாவின் 2018ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலுமானோரில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் எனக் கண்டது.

பொது முதியோர் இல்லத்திலிருந்து இது கட்டடத்திலேயே வேறுபடும். ஓயாமல் நடப்பவர் முட்டுச்சுவரில் திகைக்காமல் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும்படி நடைவழி சுற்றிவரும். கழிவறைக் கதவு சுவரிலிருந்து வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அந்தி நேரக் குழப்பம் கூடாதிருக்க, இருட்டுமுன்பே விளக்கு ஏற்றப்படும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேக், கடையும் தெருவுமாக ஓர் ஊரைப் போலவே கட்டப்பட்டது. ஒத்த வாழ்க்கைப் பழக்கம் உள்ளவர்கள் அங்கே ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

பேராக்கின் தாப்பா வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தில் உழைத்து முதுமையடைந்த தமிழர்களுக்கு அத்தகைய வாழ்க்கைப் பழக்கம் பால்வெட்டு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பழகிய உடம்பு நோய் முற்றிய பின்னும் நான்கு மணிக்கு எழுந்து உளியைத் தேடும். அதைத் தொந்தரவு என்று குறித்து மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது பராமரிப்பு ஆகாது. தேர்ந்த பணியாளர் விளக்கைப் போட்டு, கோப்பியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு எத்தன மரம் பாட்டி?" என்று கேட்பார். பேச்சு வளர வளரப் பதற்றம் தணியும். பிற்காலத்தில் கற்ற மலாய் மங்கியபின்னும் தாய்மொழி பெரும்பாலும் நெடுநாள் நிற்கும். ஆகவே தமிழ் பேசும் பணியாளர் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

பேராக்கில் சமூகநல இலாகாவின் செரி கெனாங்கான் முதியோர் இல்லங்கள் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் உள்ளன. அவற்றில் சேர, ஆதரவற்றவராக இருப்பதோடு தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளவும் முடிய வேண்டும். மறதிநோயர் இழப்பது அந்தத் திறனைத்தான். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய பஹாகியா மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப்பெயரே மலேசியப் பேச்சில் வசையாகிவிட்டது. அந்தக் கூச்சத்தால் மருத்துவரிடம் போகத் தயங்கும் குடும்பங்கள் உண்டு.

நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கும் தனியார் இல்லங்கள் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவாக வேண்டும். செவிலியர் கவனிப்புத் தரும் முதியோர் இல்லங்களுக்காக 2018இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நோயின் இறுதிக் கட்டத்தில் விழுங்கும் திறன் குறையும். அப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டிக் கஞ்சியைச் சிறு கரண்டியால் ஊட்டி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்தபின்பே அடுத்த வாய் கொடுக்கிறார்கள்.