பத்துக்கோட்டு வண்டும் பாரிஸ் பச்சையும்

உருளைக்கிழங்குச் செடியில் நரம்பை மட்டும் விட்டுவிட்டு இலை முழுவதையும் தின்று தீர்க்கும் கொலராடோ வண்டின் வரலாற்றை, பூச்சிமருந்து பிறந்த கதையாகச் சொல்வதே வழக்கம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1859-இல் பயிரில் இறங்கிய வண்டு 1874-க்குள் அட்லாண்டிக் கரையை எட்டிவிட்டது, இடையில் பாரிஸ் பச்சை என்ற ஆர்செனிக் நஞ்சு விவசாயிகள் கைக்கு வந்தது, கிழங்கு பிழைத்தது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வண்டை உற்றுப் பார்த்து அடையாளம் கண்டவர்கள் இல்லாமல் நஞ்சு அவ்வளவு தூரம் உதவியிருக்காது, நஞ்சு மலிந்ததும் முதலில் மழுங்கியது அந்தப் பார்வைதான் என்பது என் கட்சி.

பூச்சியியலாளர் தாமஸ் சே 1824-இல் இந்த வண்டுக்குப் பெயர் வைத்து விவரித்தபோது, யாரும் இதைப் பொருட்படுத்தக் காரணம் இல்லை. கத்தரிக் குடும்பத்து முட்செடி ஒன்றைத் தின்றுகொண்டு காட்டில் கிடந்த பூச்சி அது. குடியேறிகள் மேற்கே போகப் போக உருளைக்கிழங்கும் கூடவே போனது. வண்டுக்கு வீட்டு வாசலிலேயே விருந்து கிடைத்தது. குழப்பம் என்னவென்றால், தென்கிழக்கு மாநிலங்களில் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இன்னொரு வண்டு உண்டு. அதுவும் கோடு போட்டதுதான், ஆனால் கிழங்குப் பயிருக்குப் பெரிய கேடு செய்யாதது. இல்லினாயின் பெஞ்சமின் வால்ஷ், மிசௌரியின் சார்லஸ் ரைலி என்ற பூச்சியியலாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். கேடு செய்யும் புழுவின் பக்கவாட்டில் கரும்புள்ளிகள் இரண்டு வரிசை. மற்றதற்கு ஒரே வரிசை. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை, நான்கு முறை தோலுரிக்கும் செம்புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழு, குளிர்காலம் முழுக்க மண்ணில் உறங்கும் வண்டு என்று அதன் வாழ்க்கை தெரிந்த பிறகுதான் எங்கே, எப்போது கைவைப்பது என்பதும் தெரிந்தது. நம் கத்தரியிலும் இதே சிக்கல் உண்டு. மங்கலாக, மெல்லிய மயிர் போர்த்து இருக்கும் புள்ளி வண்டு இலையைச் சுரண்டித் தின்னும். அதன் உறவான பளபளப்புப் பொறிவண்டோ அசுவினியைத் தின்று செடியைக் காக்கும். அவசரத்தில் மருந்தடிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏக்கர் கணக்கில் வளர்ந்த பயிரில் முட்டையைக் கையால் நசுக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. சுவர்த்தாளுக்கு நிறம் கொடுத்துவந்த பாரிஸ் பச்சையை 1860-களின் பிற்பாதியில் விவசாயிகள் மாவோடு கலந்து செடியில் தூவியதும் அதனால்தான். ரைலியே அதைப் பரிந்துரைத்தவர். ஆனால் அது வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும் நஞ்சு. முட்டையை அது ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருப்பதையும் தொடாது. இளம்புழு தின்னத் தொடங்கும் நாளை அறிந்து தூவியவருக்கே காசுக்கேற்ற பலன் கிடைத்தது. அந்த நாளைச் சொல்ல நஞ்சுப் பொட்டலத்தால் ஆகாது.

குறை ஆர்செனிக்கில்தான், நல்ல மருந்து வந்தால் எல்லாம் சரியாகும் என்ற வாதமும் இருந்தது. டிடிடி வந்தது, தொட்டாலே கொன்றது. கவனிக்காமல் அடித்தாலும் வேலை நடந்ததால், கவனிப்பது வீண் வேலையாகத் தோன்றியிருக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்திலேயே நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவில் அந்த மருந்துக்குச் சாகாத வண்டுகள் தென்பட்டன. இன்று 50-க்கும் மேற்பட்ட மருந்துகளை இந்த இனம் தாங்கிவிட்டது. நச்சுச் சத்துள்ள கத்தரிக் குடும்பத்து இலைகளையே தலைமுறை தலைமுறையாகத் தின்று செரித்த உடலுக்குப் புது நஞ்சு அவ்வளவு அந்நியமல்ல. அதே நிலத்தில் ஆண்டுதோறும் அதே பயிரை வைத்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று.

மருந்து கைவிட்ட பிறகு லாங் தீவில் பழைய குறிப்பு ஒன்று பயன்பட்டது. மண்ணிலிருந்து வசந்தத்தில் எழும் வண்டு பெரும்பாலும் பறப்பதில்லை, நடந்தே பயிரைத் தேடுகிறது. எனவே பயிரை வேறு நிலத்துக்கு மாற்றி, சுற்றிலும் செங்குத்தான பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். தூசி படிந்த தாளில் கால் பிடிக்காமல் வண்டுகள் பள்ளத்திலேயே குவிந்து செத்தன.