சில்வர்மேன், ஃபிரெட் (1937–2020)

அமெரிக்கத் தொலைக்காட்சி நிர்வாகி. நியூயார்க்கில் பிறந்தவர். சிபிஎஸ், ஏபிசி, என்பிசி ஆகிய மூன்று பெரும் வலையமைப்புகளிலும் நிகழ்ச்சிப் பொறுப்பை வகித்தவர் இவர் ஒருவரே. 1970இல் சிபிஎஸ் நிகழ்ச்சித் தலைவரானதும், நல்ல பார்வையாளர் எண்ணிக்கை இருந்தும் கிராமியத் தொடர்களை நிறுத்தி, நகரத்து இளையோரைக் குறிவைத்தார். 1975இல் ஏபிசிக்கு மாறினார். அடிமை வம்சம் ஒன்றின் கதையான ‘ரூட்ஸ்’ தொடரை 1977 ஜனவரியில் அடுத்தடுத்து எட்டு இரவுகள் ஒளிபரப்பியது அவரது துணிச்சலான முடிவு. நாடே அதைப் பார்த்தது. 1978இல் என்பிசி தலைவரானபின் அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. பெரும் செலவில் எடுத்த ‘சூப்பர்டிரெயின்’ தொடர் படுதோல்வி கண்டது. என்பிசி ஒளிபரப்பவிருந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததும் நட்டமே. ஆயினும் பாராட்டுப் பெற்ற காவல்துறைத் தொடரான ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ அவர் காலத்தில்தான் தொடங்கியது. அதன் பெருமையில் அவருக்குரிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. 1981இல் விலகி, தயாரிப்பாளராக ‘மேட்லாக்’ போன்ற தொடர்களைத் தந்தார்.