பால்பொருள் பறிமுதல்: சென்னைத் துறைமுகமும் உணவுச் சட்டங்களும்

கெட்டுப்போன பாலையும் பால்பொருள்களையும் கைப்பற்றி அழிக்க அரசு அலுவலருக்கு உள்ள அதிகாரம் நீண்ட வரலாறு உடையது. சென்னை மாகாணம் 1918-ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. விடுதலைக்குப் பின், நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயரில் கலப்படம் மட்டுமே இருந்தாலும், அழுகியதும் புழுத்ததும் அச்சட்டத்தின் வரையறைப்படி ‘கலப்படம்’ ஆயின.

இதில் பால் ஒரு தனிச் சிக்கல். ஆய்வுக்கூடம் சேருமுன் மாதிரியே திரிந்துவிடும். ஆகவே 25 மில்லி லிட்டர் பாலுக்கு இரண்டு சொட்டு ஃபார்மலின் சேர்க்க 1955-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. பால்காரர் கலந்தால் குற்றம். மாதிரி எடுக்கும் ஆய்வாளர் கலந்தால் விதிமுறை! வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் காரணம் நியாயமானதே.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இதன் 38-ஆம் பிரிவின்படி, கைப்பற்றிய பொருள் உண்ணத் தகாத அளவுக்குக் கெட்டிருந்தால், வணிகருக்கு எழுத்து மூலம் அறிவித்துவிட்டு அலுவலர் அதை அழிக்கச் செய்யலாம். தகுந்த காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் பறிமுதல் செய்யும் அலுவலருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு (பிரிவு 39). பலரும் அறியாத பிரிவு இது.

திருவொற்றியூரில் ஒரு வீட்டில் பால் திரிந்தால் மூக்கே சொல்லிவிடும். துறைமுகத்தில் இறங்கும் பால்மாவு அப்படியன்று. 2008-இல் சீனாவில் மெலமைன் கலந்த பால்மாவால் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். நெகிழித் தயாரிப்பில் பயன்படும் மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணக்கிடும் சோதனையில், நீர் சேர்த்த பாலும் புரதம் நிறைந்ததாகத் தோன்றும். நிறத்திலோ மணத்திலோ எதுவும் தெரியாது. பாதிப்பு பிஞ்சுகளின் சிறுநீரகத்தில்தான் தெரிந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் சீனப் பால்பொருள்களுக்கு இந்தியா தடை விதித்தது. ராயபுரத்தை அடுத்துள்ள சென்னைத் துறைமுகம் உட்பட எல்லா நுழைவிடங்களுக்கும் இது பொருந்தும். தடை பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் வெளியான அறிவிப்பு முடிவு நாள் எதையும் குறிக்கவில்லை. நுழைவுத் துறைமுகங்களின் ஆய்வகங்கள் அனைத்தும் மெலமைனைச் சோதிக்கும் திறன் பெறும்வரை தடை தொடரும் என்றது.