ஜாவா பிழை எழுதப் பழகிய கதை

1996-இல் ஜாவா நிரல்மொழியின் முதல் பதிப்பு வந்தபோது, பிழைகளைப் பதிவுசெய்ய அதில் தனி ஏற்பாடு இல்லை. நிரலாளர்கள் சந்தேகமான இடங்களில் எல்லாம் 'சிஸ்டம் அவுட் பிரிண்ட்லைன்' என்று எழுதிவைத்துத் திரையைப் பார்ப்பார்கள். சொந்தக் கணினிக்கு அது போதும். ஆளில்லாத அறையில் இரவெல்லாம் ஓடும் சர்வரின் திரையை யார் பார்ப்பது?

அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் 'செம்பர்' என்ற மின்வணிக ஆய்வுத் திட்டம் தனக்கென ஒரு பதிவுக் கருவியை எழுதிக்கொண்டது. அதுவே ஜெகி குல்ஜூ என்ற நிரலாளரின் உழைப்பில் 'லாக்ஃபார்ஜே' ஆனது. டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் எனச் செய்திகளைத் தரம் பிரித்தது. எந்தத் தரத்துக்கு மேல் பதிய வேண்டும் என்பதை, நிரலைத் தொடாமலேயே அமைப்புக் கோப்பில் மாற்ற முடிந்தது.

2002 பிப்ரவரியில் வந்த ஜாவா 1.4, ஏழு தரங்களுடன் தன் சொந்தப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது. அதற்குள் லாக்ஃபார்ஜே ஊன்றிவிட்டதால் ஒரே மென்பொருளுக்குள் இரண்டு மூன்று பதிவுமுறைகள் மோதின. அவற்றை இணைக்கும் பொது முகப்பாக 'எஸ்எல்எஃப்ஃபார்ஜே'யை எழுதியவரும் குல்ஜூதான்.

1.4-இன் பெரிய வரவு வேறொன்று. அதுவரை தரவுத்தளப் பிழையைப் பிடித்து வேறு எக்ஸப்ஷனாக (பிழை அறிவிப்பாக) வீசினால் மூலக் காரணம் பெரும்பாலும் தொலைந்துபோகும். இப்போது காரணத்தையும் உள்ளே வைத்தே வீசலாம். வெற்று 'கேட்ச்' எழுதிப் பிழையை விழுங்காதே, காரணத்தோடு பதி, கையாளும் இடத்தில் ஒரே முறை பதி என்ற பணிவிதிகளைப் பின்பற்ற இந்த வசதி உதவியது.

பிழைச் செய்தியில் பயனர் தட்டியதும் கலந்திருக்கும். லாக்ஃபார்ஜே 2-இல் 2013-இல் சேர்ந்த ஒரு வசதி இதைத்தான் ஆபத்தாக்கியது: டாலர் குறியும் நெளிவு அடைப்பும் சேர்ந்த சொல்லுக்குள் ஒரு முகவரி இருந்தால், அதை வெறுமனே எழுதாமல் அந்த முகவரியைத் தேடிப் போகும். அங்கிருந்து வரும் அயல் நிரலும் ஓடக்கூடும். 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழு இதை லாக்ஃபார்ஜேயைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவித்தது. டிசம்பர் 10-க்குள் உலகமே அறிந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி தட்டியே சர்வரைப் பிடிக்க முடிந்தது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10.

அந்த மாதமே நான்கு திருத்தப் பதிப்புகள் வந்தன, 2.16.0 அந்தத் தேடலைச் செய்திகளிலிருந்து அடியோடு நீக்கியது. ஆனால் பல நிறுவனங்களுக்குத் திருத்துவதற்கு முன்பே ஒரு வேலை காத்திருந்தது: ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜாராக ஒளிந்திருந்த லாக்ஃபார்ஜே, தங்கள் மென்பொருள்களில் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.