விடை சொல்லும் நூலும் வினாவக் கற்பிக்கும் நூலும்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் சாலையில் பந்தல்குடி என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் மானாவாரி நிலம், கரிசல் மண், மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மழை பெய்தால் கண்மாய் பெருகும். பொய்த்தால் கருவேல மரங்கள் மட்டுமே பச்சையாக நிற்கும்.

இவ்வூர் மாணவி ஒருத்தி, தன் வட்டாரத்துக் கண்மாய்களைப் பற்றி முதுகலைப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுத விரும்புகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவள் வீட்டில் இதற்கு முன் யாரும் ஆய்வு செய்ததில்லை. ஆய்வு முறையைச் சொல்லும் நூல் ஒன்று வாங்கலாம் என்று மதுரைக்குப் போகிறாள். கடையில் ஒன்றல்ல, இருபது நூல்கள் அடுக்கியிருக்கின்றன. எதை எடுப்பது?

நமக்குப் பள்ளி நாட்களிலிருந்தே 'கைடு' என்றால் ஒரே பொருள்தான். தேர்வுக்கு வரக்கூடிய கேள்விக்கு விடையைத் தருவது அது. ஆனால் ஆய்வில் விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரிந்தால் அது ஆய்வே அன்று. ஆகவே ஆய்வுக்கு வழிகாட்டும் நூல் விடை தர முடியாது. எப்படிக் கேட்பது, எங்கே தேடுவது, கண்டதை எப்படிப் பிறர் சரிபார்க்கும்படி எழுதுவது என்பதைத்தான் அது கற்பிக்க வேண்டும். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மாணவர்கள் இங்கிலாந்து நாட்டுப் பொருளாதார நூல்களை மனப்பாடம் செய்து கொண்டிருந்தார்கள். தங்கள் ஊரில் ஓர் ஏக்கர் என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை ஆராய்ந்து எழுதும் வழக்கம் இல்லை. ஸ்லேட்டர் அவர்களுக்குப் புதிய பாடநூல் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. நிலம், பயிர், கிணறு, கூலி, கடன், வெளியூர் செல்வோர் என்று வரிசையாகக் கேள்விகள் அடங்கிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த விவரங்கள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த வடமலைபுரம் அந்தக் கிராமங்களில் ஒன்று. சிவகாசிப் பக்கத்திலுள்ள அவ்வூர் இன்று பந்தல்குடியைப் போலவே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

வியப்பு இனிமேல்தான். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வு நடத்தினார்கள். அந்த ஆய்வு 1940-இல் வெளியாயிற்று. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வடமலைபுரம் மீண்டும் ஆராயப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் ஒரு வானம் பார்த்த ஊர் எப்படி மாறியது என்பதை நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. முதலில் சென்றவர்கள் மாணவர்களே. பெரிய அறிஞர்கள் அல்லர். ஆனால் ஒழுங்கான கேள்விகளோடு சென்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதே தடத்தில் நடக்க முடிந்தது.

இனி உலகில் புகழ்பெற்ற இரண்டு வழிகாட்டி நூல்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளராகப் பணியாற்றியவர் கேட் துராபியன் அம்மையார். மாணவர்கள் அடிக்குறிப்பு, மேற்கோள், நூற்பட்டியல் ஆகியவற்றில் செய்யும் பிழைகளை நாள்தோறும் கண்ட அவர், 1937-இல் ஒரு சிறு கையேடு தயாரித்தார். அது வளர்ந்து உலகெங்கும் பரவியது. அதன் 9-ஆம் பதிப்பு 2018-இல் வந்தது. இது முதன்மையாக வடிவத்தைச் சொல்ல எழுந்த நூல்.

மற்றொன்று, இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1977-இல் வெளியிட்ட, ஆய்வேடு எழுதுவது எப்படி என்பதைப் பற்றிய நூல். பணவசதியும் பெரிய நூலகமும் இல்லாத மாணவர்களையும் அவர் மனத்தில் கொண்டிருந்தார். சிற்றூர் மாணவன் என்ன செய்வான் என்று அறிய, தம் சொந்த ஊரான அலெசாண்ட்ரியாவின் நகர நூலகத்தில் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவர் போல் ஒரு தலைப்பைத் தேடிப் பார்த்தார். போதிய அளவு கிடைத்தது! இது வழியைச் சொல்லும் நூல். பந்தல்குடி மாணவிக்கு அருப்புக்கோட்டை நூலகத்தில் அமரும் துணிவைத் தருவது இத்தகைய நூலே.

வடிவம் சொல்லும் நூல், வழி சொல்லும் நூல் ஆகிய இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. வடிவ விதிகள் அடிக்கடி மாறும். இணையத்திலிருந்து எடுத்த செய்தியை எப்படிக் குறிப்பது என்பதைப் பழைய பதிப்பில் காண முடியாது. ஆகவே அதில் புதிய பதிப்பையே, அதுவும் உங்கள் பல்கலைக் கழகம் ஏற்கும் முறையையே பின்பற்ற வேண்டும். வழி சொல்லும் நூல் ஐம்பது ஆண்டுப் பழமையானாலும் கெடுதல் இல்லை. தமிழிலும் இத்தகைய நூல்கள் உண்டு; தமிழண்ணலும் இலக்குமணனும் சேர்ந்து எழுதிய 'ஆய்வியல் அறிமுகம்' மாணவர்கள் நன்கறிந்த ஒன்று.

சரி, கடையில் நின்று நல்லதைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு நம் முன்னோர் ஓர் அளவுகோலை வைத்துச் சென்றிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில், பவணந்தி முனிவர் இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரம் வைக்கிறார். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறார். ஆக்கியவர் யார், எதன் வழி வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எவ்வாறு தொகுக்கப்பட்டது, பொருள் என்ன, கேட்போர் யார், பயன் என்ன என்பவை அவை. மாணவர்கள் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்து விடுகிறார்கள். உண்மையில் இது நூல் வாங்குவோருக்கான பட்டியல்!

இதை நம் மாணவியின் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆக்கியவர் தாமே ஆய்வு செய்தவரா? எந்த நூல்களை ஆதாரமாகக் கொண்டார் என்று சொல்கிறாரா? இலக்கிய ஆய்வுக்கு எழுதியதா, கள ஆய்வுக்கா? கேட்போர் முதுகலை மாணவரா, முனைவர் பட்டம் நாடுபவரா? முகவுரையையும் பொருளடக்கத்தையும் படித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் நூலைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம்.

நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் கூறுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும் குற்றங்கள். விளக்கமான உதாரணம் தருவது அழகு. நடுவே ஓர் இயலைப் புரட்டுங்கள். 'தரவுகளைக் கவனமாகத் திரட்டுக' என்று மட்டும் சொன்னால் பயனில்லை. ஒரு விவசாயியிடம் என்ன கேட்டார், அவர் சொன்னதைக் கிராமக் கணக்கோடு எப்படி ஒப்பிட்டார், இரண்டும் முரண்பட்டபோது என்ன செய்தார் என்று நடத்திக் காட்டினால் அதை வாங்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எவ்வளவு நல்ல வழிகாட்டியானாலும் அது கேட்காத கேள்வி ஏட்டில் இடம் பெறாது. பட்டியலில் உழவரை மட்டும் எழுதியிருந்தால், கண்மாயில் மீன் பிடித்தவரும் மடை திறந்துவிட்ட மடையரும் விடுபட்டுப் போவார்கள். நூலை முடித்த பிறகு, 'இதில் இல்லாத எது என் ஊரில் இருக்கிறது?' என்ற கேள்வியை நீங்களே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

எந்த ஆண்டில் கண்மாய் மறுகால் பாய்ந்தது, எந்த ஆண்டில் வறண்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். நாளைக்கு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தவறான நூலை நம்பி எழுதினால், பிறர் சொன்னதைத் தொகுத்த ஏடு ஒன்று அலமாரியில் கூடும். முதியவர்களின் நினைவு அவர்களோடு போகும். சரியான நூலைத் துணைக்கொண்டு எழுதினால், இருபது ஆண்டு கழித்து வேறொரு மாணவர் பந்தல்குடிக்கு வந்து, அதே மடைக்கு அருகில் நின்று, அதே கேள்விகளை மறுபடி கேட்க முடியும்.