செவிவழி கேட்ட விலங்குப் பண்ணை

ஒரு நாவலைக் கண்ணால் வாசிப்பதும் காதால் கேட்பதும் ஒன்றல்ல. வாசிப்பவருக்கு ஐயம் எழுந்தால் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். வானொலி கேட்டவருக்கோ நினைவு ஒன்றே துணை. ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' ஒலிவடிவம் பெற்ற வரலாற்றை நோக்கினால், இவ்வேறுபாடு அந்நாவலின் உயிர்நிலையையே தொடுவதை உணரலாம்.

பீகாரின் மோதிஹாரியில் 1903-இல் பிறந்த ஆர்வெல், 1941 ஆகஸ்டில் பி.பி.சி.யின் கீழைப் பிரிவில் சேர்ந்தார். அதே ஆண்டு மே 3-ஆம் நாள்தான் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதிய போர்க்காலச் செய்திமடல்களுள் ஒரு பகுதி தமிழ், குஜராத்தி, மராத்தி, வங்காளி ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு இந்தியாவை நோக்கி ஒலிபரப்பாயிற்று. அவ்வகையில் அவர் தமிழ்ச் செவிகளுக்காகவும் எழுதியவர்.

ஆயினும் கேட்டவர் எத்தனை பேர்? இதனை அறிய 1942-இல் லாரன்ஸ் பிராண்டர் என்பவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கேட்போர் மிகச் சிலரே என்பதுதான் அவர் கண்டது. 1943 செப்டம்பரில் ஆர்வெல் விலகல் கடிதம் கொடுத்தார். பயன் விளையாத வேலையில் தம் காலமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்பது அதன் சாரம். நவம்பரில் வெளியேறிய கையோடு 'விலங்குப் பண்ணை'யைத் தொடங்கி, 1944 பிப்ரவரியில் முடித்தார். 1945 ஆகஸ்டில் நூல் வெளிவந்தது.

கதை வானொலிக்கு வந்தது 1947 ஜனவரி 14-ஆம் நாள். பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசைக்கு ஆர்வெல்லே அதனை நாடகமாக்கித் தந்தார். தயாரித்தவர் ரேனர் ஹெப்பன்ஸ்டால். அன்று சில நண்பர்களை வீட்டிற்கு அழைத்து, அவர்களோடு அமர்ந்து ஆர்வெல் அதைக் கேட்டார். பின்னர் ஹெப்பன்ஸ்டாலுக்கு எழுதிய கடிதத்தில், அனைவருக்கும் பிடித்திருந்ததாகவும், நூலையே வாசித்திராத ஹியூ கார்டன் போர்ட்டியஸ் சில நிமிடங்களிலேயே நடப்பதைப் புரிந்துகொண்டதாகவும் குறிப்பிட்டார்.

எனினும் ஓர் இழப்பு நேர்ந்திருந்தது. பன்றிகள் பாலையும் ஆப்பிள்களையும் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் இடமே கதையின் திருப்புமுனை என ஆர்வெல் கருதினார். நூலில் அது சட்டெனக் கடந்துபோகும். கேட்போர் தவறவிடக்கூடாதென்று, ஆப்பிள் பங்கீடு நியாயந்தானா என்று விலங்குகள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் சில வரிகளை நாடகத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார். தயாரிப்பில் அவ்வரிகள் நீக்கப்பட்டன. செவி எதைத் தவறவிடும் என்பதை ஈராண்டு வானொலிப் பணி அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

அந்நாவலுக்குள்ளும் பெரும்பாலோர் கேட்பவர்களே. பண்ணை விலங்குகளுள் நன்கு வாசிக்கத் தெரிந்தவை சிலவே. குளோவர் என்னும் பெண்குதிரைக்கு எழுத்துகள் தெரியும். சொற்களாகக் கூட்டத் தெரியாது. ஐயம் வந்தபோது மியூரியல் என்ற வெள்ளாட்டைச் சுவரில் எழுதியுள்ள விதியை வாசித்துக் காட்டச் சொல்கிறது. கட்டிலில் உறங்கலாகாது என்ற விதியோடு விரிப்பு பற்றிய ஒரு சொல் ஒட்டியிருக்கிறது. குளோவருக்கு அப்படியொரு சொல் இருந்ததாக நினைவில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே! ஸ்க்வீலரின் இனிய குரல் மிச்ச ஐயத்தையும் அகற்றிவிடுகிறது. ஆகவே இக்கதையைக் காதால் கேட்பவர் குளோவரின் இடத்திலேயே நிற்கிறார். முதலில் கேட்ட விதி எது என்று அவரும் தம் நினைவைத்தான் துழாவ வேண்டும்.

விதியோடு வால் ஒன்று ஒட்டிக்கொள்வது மார்த்தாண்டத்துக்காரர்களுக்குப் புதிதன்று. தொடுவட்டி என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியில் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் நிகழ்ந்த மண் இது. 1829-ஆம் ஆண்டு ஆணை கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் அணிய இசைந்தது. உயர்சாதியார் அணியும் மேல்சீலையை மட்டும் விலக்கியது. 1859 ஜூலை 26-ஆம் நாள் ஆணை நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்பது அதன் வால். நாவலில் அச்சொல் இரவில் திருட்டுத்தனமாகச் சேர்க்கப்படுகிறது. இங்கே அரசின் பெயரால் வெளிப்படையாகவே சேர்ந்தது. எழுத்தறிந்தோர் சிலராக இருந்த அந்நாளில், பலருக்கும் அவ்வாணை பிறர் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அவர்கள் குளோவரைப்போல அமைதியாகிவிடவில்லை. 1829-இன் வாலைப் பொருட்படுத்தாமல் மேல்சீலை அணிந்த பெண்கள் இருந்ததனால்தான் 1859-இல் இன்னோர் ஆணை தேவைப்பட்டது.

க.நா.சுப்ரமண்யம் 'விலங்குப் பண்ணை'யையும் '1984'-ஐயும் தமிழில் தந்திருக்கிறார். வாசக நண்பர்கள் கூடும் இடங்களில் 'விலங்குப் பண்ணை'யை ஒருவர் உரக்க வாசிக்கப் பிறர் கேட்கலாம். பாலும் ஆப்பிளும் மறையும் இடத்தில் சற்று நிறுத்தி, 1947 ஒலிபரப்பில் நீக்கப்பட்ட அக்கேள்வியைக் கூட்டத்தினர் தாமாகவே எழுப்புகிறார்களா என்று பார்க்கலாம். எழுப்பினால், ஆர்வெல் தேடிய கேட்பாளர் அவர்கள்தாம்.